போட்டோகிராபர் வெப்சைட்டுக்கு எந்த இசை? சினிமாப் பாட்டு முதல் மண்டபத்து நாதஸ்வரம் வரை

ஸ்டுடியோவுக்குப் புதிதாக வெப்சைட் போடும்போது, மற்ற வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் இந்தக் கேள்வி வரும்: இதில் என்ன பாட்டு போடுவது? அதற்குள் எடிட்டர் ஒரு சினிமாப் பாட்டின் தாளத்துக்கு ஷோரீலை (சிறந்த காட்சிகளைத் தொகுத்த சிறு வீடியோவை) வெட்டி முடித்திருப்பார். பாட்டை மாற்றினால் எடிட்டையே மறுபடி செய்ய வேண்டும் என்பதால் அப்படியே ஏற்றிவிடுவார்கள். இசையை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்கு வெட்டினால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

தமிழ்நாட்டில் கல்யாணம், நிச்சயதார்த்தம், வளைகாப்பு எடுக்கும் சிறிய, நடுத்தர ஸ்டுடியோக்களை மனதில் வைத்து இங்கே வழிகளை ஒப்பிடுகிறோம். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். முகப்புப் பக்கத்துக்கு இசையே வேண்டாம். ஷோரீலுக்கு மண்டபத்தில் நீங்களே பதிவு செய்த ஒலியும், முறையாக உரிமம் வாங்கிய ஓர் இசையும் போதும். சினிமாப் பாட்டு வெப்சைட்டுக்கு ஒத்துவராது.

ஒரு பாட்டு, மூன்று உரிமை

ஒரு சினிமாப் பாட்டில் வரிகளுக்கு ஓர் உரிமை, மெட்டுக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்குத் தனியாக ஓர் உரிமை என்று மூன்று உண்டு. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி வரிகளுக்கும் மெட்டுக்கும் படைத்தவரின் வாழ்நாளும் அதற்குமேல் 60 ஆண்டும் பாதுகாப்பு. ஒலிப்பதிவுக்கு, அது வெளியானதிலிருந்து 60 ஆண்டு. படத்தின் மேல் பாட்டை ஓட்டுவதற்கு, அதாவது சிங்க் செய்வதற்கு, இந்த மூன்றுக்கும் அனுமதி வேண்டும். ஆப்பில் காசு கொடுத்து வாங்கிய பாட்டு நீங்கள் கேட்பதற்கு மட்டும்தான்.

இந்தத் தொழிலில் அடிக்கடி கேட்கும் சமாதானம் ஒன்று: "கல்யாணத்துக்குப் பாட்டு போடலாம்னு சட்டமே சொல்லுதே." சொல்வது உண்மைதான். 52-ஆம் பிரிவின் உட்பிரிவு ஒன்று, மதச் சடங்குகளிலும் கல்யாண ஊர்வலத்திலும் கல்யாணத்தோடு சேர்ந்த கொண்டாட்டங்களிலும் பாட்டு ஒலிப்பதற்கு விலக்கு தருகிறது. ஆனால் அந்த விலக்கு மண்டபத்தோடு முடிந்துவிடும். ரிசப்ஷனில் ஓடிய பாட்டை ஹைலைட்ஸ் வீடியோவில் வைத்து, "முன்பதிவுக்கு அழைக்கவும்" என்ற பட்டனுக்கு மேலே ஓட்டினால் அது கல்யாணக் கொண்டாட்டமாகாது, உங்கள் கடை விளம்பரம்.

"30 செகண்டுக்குள் இருந்தால் பரவாயில்லை" என்பதும் கட்டுக்கதை. சட்டத்தில் செகண்ட் கணக்கே கிடையாது. நியாயமான பயன்பாடு என்று அது ஏற்பவை சொந்த உபயோகம், ஆராய்ச்சி, விமர்சனம், நடப்புச் செய்தி போன்றவை. வியாபார விளம்பரம் அந்தப் பட்டியலில் இல்லை. கீழே இசையமைப்பாளர் பெயரைப் போடுவது மரியாதையான செயல், ஆனால் அது அனுமதிக்கு ஈடாகாது. பிட்ச்சை அரை ஸ்வரம் ஏற்றுவது, வேகத்தைக் கூட்டுவது போன்ற வேலைகள் உரிமை மீறலை மறைக்கப் பார்த்ததற்குத் தடயமாகத்தான் நிற்கும்.

தண்டனையும் எழுதியே இருக்கிறது. 63-ஆம் பிரிவின்படி தெரிந்தே மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். வியாபார லாபத்துக்காகச் செய்யாத மீறல் என்றால் நீதிமன்றம் இதைக் குறைக்கலாம். ஸ்டுடியோ வெப்சைட்டில் இருந்துகொண்டு அந்த வாதத்தை வைக்க முடியாது. உரிமையாளர் தான் தொழில் நடத்தும் ஊரிலேயே வழக்குப் போடவும் சட்டம் இடம் கொடுக்கிறது. மும்பை நிறுவனம் என்றால் நீங்கள் மும்பைக்கு அலைய நேரலாம். ஆனால் அதற்கெல்லாம் முன்பே நடக்கக்கூடியது வேறு: ஹோஸ்டிங் நிறுவனத்துக்குப் புகார் போய், பக்கம் இறங்கிவிடும். இந்திய விதிகளில் புகார் கிடைத்த 36 மணி நேரத்துக்குள் இடைநிலை நிறுவனம் அதை முடக்க வேண்டும். நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் 21 நாளுக்குப் பிறகு திறக்கலாம். தை முகூர்த்தங்களுக்கு முன்பதிவு வரும் நேரத்தில் 21 நாள் என்ன விலை என்பது உங்களுக்கே தெரியும்.

முகப்பில் தானாக ஓடும் இசை

இதை நீளமாகப் பேசத் தேவையில்லை. 2018-இல் குரோம் 66 வந்ததிலிருந்து, பார்ப்பவர் எதையாவது தொடும்வரை சத்தத்தோடு எதுவும் தானாக ஓடாது. சஃபாரி அதற்கு முன்பே இதை நிறுத்திவிட்டது. ஆக நீங்கள் போடும் பாட்டு பெரும்பாலோருக்குக் கேட்கப் போவதில்லை. ஆனால் பக்கத்தின் எடை மட்டும் கூடும்: 128 கேபிபிஎஸ் தரத்தில் 4 நிமிட எம்பி3 கோப்பு கிட்டத்தட்ட 3.8 எம்பி. இதைவிட முக்கியமான ஒன்று, வீடியோவுக்கு இசை விற்கும் இணைய இசை நூலகங்களின் உரிமம் பொதுவாக "வீடியோவோடு சேர்த்த இசைக்கு" மட்டும் எழுதப்பட்டது. ஒலிக்கோப்பைத் தனியாகப் பக்கத்தில் வைத்தால், காசு கொடுத்து வாங்கிய இசையே உரிம மீறலாகிவிடலாம். முகப்பில் வீடியோ வேண்டுமென்றால் சத்தமில்லாத 10 செகண்ட் லூப் வையுங்கள். ஒலியோடு கூடிய ஷோரீலுக்குப் பிளே பட்டன் கொடுங்கள்.

சினிமாப் பாட்டை முறையாக வாங்கினால்

வழி இருக்கிறது. பாட்டின் அதிகாரபூர்வ யூடியூப் பக்கத்தின் விவரத்தில் எந்த லேபிள், அதாவது இசை நிறுவனம், என்று இருக்கும்: சோனி மியூசிக், திங்க் மியூசிக், சரிகம, டி-சீரிஸ், லஹரி என்று. பழைய பாட்டுகளில் இது சிக்கலாகலாம். இளையராஜா பாடல்களின் உரிமை குறித்து இசை நிறுவனங்களுக்கும் அவருக்கும் இடையே சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் வழக்குகள் நடந்திருக்கின்றன. உரிமை யாருடையது என்பதே வழக்கில் இருக்கும் பாட்டுக்கு ஒருவரிடம் மட்டும் காசு கட்டிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

லேபிளின் உரிமப் பிரிவுக்கு எழுதும்போது இவற்றைச் சொல்லுங்கள்: பாட்டு, படம், எந்த நொடியிலிருந்து எந்த நொடி வரை, வீடியோவின் மொத்த நீளம், எங்கெல்லாம் வரும் (வெப்சைட் முகவரி, யூடியூப் சேனல், இன்ஸ்டாகிராம் கணக்கு), எத்தனை மாதம், காசு கொடுத்து விளம்பரமாக ஓட்டுவீர்களா. பதிலில் இரண்டு விஷயம் பாருங்கள். ஒலிப்பதிவு, மெட்டு, வரிகள் மூன்றும் இந்த அனுமதியில் அடங்குமா? காலமும் எல்லையும் எழுத்தில் உண்டா? சட்டப்படி காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். வெப்சைட்டை டொராண்டோவிலும் பார்ப்பார்கள். எனவே "உலகம் முழுவதும்" என்ற சொல் இருந்தாக வேண்டும்.

மண்டபத்துக்குப் பாட்டு உரிமம் தரும் அமைப்புகளான ஐபிஆர்எஸ் அல்லது பிபிஎல் உரிமம் இருக்கிறது என்று மேனேஜர் சொன்னால் அது பொது இடத்தில் பாட்டு ஒலிப்பதற்கானது. உங்கள் வீடியோவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இந்த வழியின் குறை விலை மட்டுமல்ல. சிங்க் உரிமத்தின் விலையும் வேகமும் பெரிய விளம்பர நிறுவனங்களை நினைத்து அமைந்தவை. 60 செகண்ட் ஷோரீலுக்காக ஒரு சிறு ஸ்டுடியோ மெயில் அனுப்பினால் பதில் வரும்வரை முகூர்த்த சீசன் காத்திருக்காது. அப்படியே வாங்கினாலும் ஒரு வருடம் கழித்து உரிமம் முடியும். அன்றைக்கு வீடியோவை இறக்க வேண்டும். நகைக்கடை, பட்டு ஜவுளி நிறுவனங்களுக்கு விளம்பரப் படம் எடுக்கும் ஸ்டுடியோ என்றால் கணக்கு வேறு, அங்கே வாடிக்கையாளரின் பட்ஜெட்டிலேயே இது அடங்கும். மற்றவர்களுக்கு இது தேறாது.

யூடியூப்பில் ஏற்றி, அதை வெப்சைட்டில் ஒட்டினால்?

தந்திரம் போலத் தோன்றும். "யூடியூப் கிளெய்ம் மட்டும்தான் போட்டது, ஸ்ட்ரைக் இல்லை, அப்போ ஓகே" என்பார்கள். பாட்டைத் தானாகக் கண்டறியும் யூடியூப்பின் கன்டென்ட் ஐடி முறை ஒன்றைப் பிடித்ததும் வருவது கிளெய்ம், அதாவது உரிமைக் கோரல். அப்போது உரிமையாளருக்கு மூன்று வழி: தடுப்பது, விளம்பரம் போட்டுக் காசு எடுப்பது, சும்மா கண்காணிப்பது. இன்று அவர் கண்காணிக்கிறார் என்றால் உங்களுக்கு அனுமதி கொடுத்துவிட்டார் என்று அர்த்தமில்லை. நாளைக்கே தடுப்புக்கு மாற்றலாம். மாற்றினால் உங்கள் வெப்சைட்டின் நடுவில் கறுப்புப் பெட்டியில் "வீடியோ கிடைக்கவில்லை" என்று நிற்கும். காசு எடுக்கும் வழியைத் தேர்ந்தால் உங்கள் ஷோரீலுக்கு முன்னால் வேறு ஸ்டுடியோவின் விளம்பரம் ஓடவும் வாய்ப்புண்டு. கிளெய்ம் தாண்டி நீக்கல் கோரிக்கை வந்தால் அது ஸ்ட்ரைக். 90 நாளில் மூன்று சேர்ந்தால் சேனலே போய்விடும், இத்தனை வருடம் ஏற்றிய எல்லாக் கல்யாணங்களோடும்.

இன்ஸ்டாகிராமின் கதை வேறு. ஆப்புக்குள் வரும் பாட்டு, சொந்த, வியாபாரமில்லாத பயன்பாட்டுக்கு என்பதே மெட்டாவின் விதி. பிசினஸ் கணக்குக்கு மாறியதும் சினிமாப் பாட்டுகள் காணாமல் போவது இதனால்தான். பாட்டுக்காக மறுபடி கிரியேட்டர் கணக்காக மாற்றிக்கொள்கிறார்கள். அப்போது பாட்டு கிடைக்கும், ஆனால் விதி மாறாது. அந்த ரீலை டவுன்லோட் செய்து வெப்சைட்டில் ஏற்றினால் மெட்டா லேபிளோடு போட்ட ஒப்பந்தம் கூடவே வராது.

சந்தா நூலகங்கள்: பாதுகாப்பானது, ஆனால் நான்கு ஓட்டை

ஆர்ட்லிஸ்ட், எபிடெமிக் சவுண்ட், மியூசிக்பெட், சவுண்ட்ஸ்ட்ரைப், இந்தியாவிலிருந்து ஹூப்பர் என்று நிறைய உண்டு. ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து கல்யாணம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் டீசர் போடும் ஸ்டுடியோவுக்கு ஆண்டுச் சந்தாதான் கணக்குக்கு ஒத்துவரும். ஆனால் சந்தா இருந்தும் மாட்டிக்கொள்ளும் இடங்கள் இவை.

முதலாவது, திட்டத்தின் வகை. மலிவான தனிநபர் திட்டம் உங்கள் சொந்த சமூக வலைத்தளக் கணக்குகளுக்குத்தான். வியாபார வெப்சைட், வாடிக்கையாளருக்குச் செய்து கொடுக்கும் வீடியோ, காசு கொடுத்து பூஸ்ட் செய்யும் ரீல் ஆகியவற்றுக்கு மேல்நிலைத் திட்டம் வேண்டும். வாங்குமுன் உரிமப் பக்கத்தில் "வாடிக்கையாளர் வேலை", "கட்டண விளம்பரம்" என்ற இரண்டையும் தேடிப் பாருங்கள்.

இரண்டாவது, கணக்கு யார் பெயரில் என்பது. வெளியே எடிட்டிங் கொடுத்தால் எடிட்டர் தன் சந்தாவிலிருந்து இசை எடுத்துப் போடுவார். அந்த உரிமத்தில் அவர் செய்யும் வாடிக்கையாளர் வேலையும் அடங்கினால்தான் உங்களுக்குப் பாதுகாப்பு. இல்லையென்றால் அவர் வைத்த இசை உங்கள் பக்கத்தில் அனுமதி இல்லாமல் ஓடுகிறது. ஸ்டுடியோ பெயரில் சந்தா எடுத்து, கோப்பை நீங்களே இறக்கி எடிட்டருக்குக் கொடுப்பதுதான் சரி.

மூன்றாவது, சந்தா முடிந்த பிறகு நடப்பது. ஆர்ட்லிஸ்ட், எபிடெமிக் போன்றவற்றில் சந்தா இருக்கும்போது வெளியிட்ட வீடியோவுக்கு அனுமதி தொடரும். ஆனால் சந்தா முடிந்த பிறகு அதே வீடியோவிலிருந்து புதிதாக ஒரு ரீல் வெட்டிப் போட்டால் அது புது வெளியீடு. அதற்கு அனுமதி இல்லை. கணினியில் பழைய பாட்டுக் கோப்பு கிடக்கிறதே என்று அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துப் போடுவதும் இதே தவறுதான். சந்தா முடிந்த நாளில் அந்த ஃபோல்டரை எடிட்டிங் கணினியிலிருந்து நகர்த்திவிடுங்கள்.

நான்காவது, பொய்க் கிளெய்ம். உரிமம் வாங்கிய இசைக்கும் கன்டென்ட் ஐடி கிளெய்ம் வரும். சில சேவைகளில் உங்கள் சேனலை முன்பே இணைத்துவிட்டால் அது தானாக விடுபடும். மற்றவற்றில் உரிமச் சான்றைக் காட்டி நீங்கள் மறுக்க வேண்டும். மறுத்தபின் எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள் அவகாசம். அதனால் ஒவ்வொரு இசைக்கும் ஒரு ஃபோல்டர் வையுங்கள்: இசையின் பெயர், கலைஞர் பெயர், இறக்கிய தேதி, உரிமப் பிடிஎஃப், கட்டண ரசீது, எந்த வீடியோவில் பயன்படுத்தியது, அதன் முகவரி. அன்றைய உரிம விதிகளையும் பிடிஎஃப்பாகச் சேமியுங்கள். அவை மாறிக்கொண்டே இருக்கும். நீங்கள் இறக்கிய நாளில் என்ன இருந்தது என்று பின்னால் காட்ட வேறு வழி இருக்காது.

இந்த நூலகங்களின் உண்மையான குறை வேறு. அவற்றின் இசையில் பெரும்பகுதி மேற்கத்திய பியானோ, கிதார், சினிமா டிரெய்லர் பாணி. கூறைப்புடவையும் அட்சதையுமாகப் படம் ஓட, பின்னால் ஸ்காட்லாந்து மலைச்சாரல் போல ஓர் இசை ஓடும். "இந்தியன்" என்று தேடினால் சிதாரும் தபலாவும்தான் வரும். இந்த ஒட்டாமைக்கு நல்ல மருந்து கீழே வருகிறது.

இலவசம் என்று இருப்பவை

படைத்தவரே நிபந்தனைகளோடு இலவசமாகத் தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) உரிமங்களில் எழுத்துகளைக் கவனிக்காமல் எடுப்பதுதான் பெரும் தவறு. என்சி என்றிருந்தால் வியாபாரத்துக்கு ஆகாது, அத்தோடு விட்டுவிடுங்கள். என்டி என்றால் மாற்றக் கூடாது; நான் வெட்டவே இல்லையே, அப்படியேதானே போடுகிறேன் என்று தோன்றும். ஆனால் அசையும் படத்தோடு இசையைப் பொருத்துவதே மாற்றம் என்று உரிமத்திலேயே எழுதியிருக்கிறது. எஸ்ஏ இன்னும் விசித்திரம்: அந்த இசையைச் சேர்த்த உங்கள் வீடியோவையும் அதே உரிமத்தில் எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும். வாடிக்கையாளர் குடும்பத்தின் கல்யாண வீடியோவை அப்படித் திறந்துவிட எந்த ஸ்டுடியோவுக்கும் உரிமை இல்லை. ஆக மிஞ்சுவது நிபந்தனை இல்லாத சிசி0, பெயர் குறிப்பிடச் சொல்லும் சிசி பை இரண்டும்தான். சிசி பை என்றால் இசையின் பெயர், படைத்தவர், எடுத்த இடத்தின் இணைப்பு, உரிமத்தின் இணைப்பு நான்கையும் வீடியோவுக்குக் கீழே எழுத வேண்டும். விட்டுப்போனால், 4.0 பதிப்பில், மீறலை அறிந்த 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமம் தானாகத் திரும்பக் கிடைக்கும்.

எடிட்டிங் ஆப்களில் வரும் பாட்டு ஆப்புக்குள் கிடைக்கிறது என்பதாலேயே வியாபாரத்துக்கு ஆகிவிடாது. வியாபாரப் பயன்பாடு என்று தனியாகக் குறித்தவற்றை மட்டும் எடுங்கள். மெட்டாவின் சவுண்ட் கலெக்ஷன் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமுக்குள் மட்டும்.

ஏஐ இசையும் இந்த வரிசையில்தான் இப்போது வருகிறது. ஏஐ இசைச் சேவையான சுனோவின் இலவசத் திட்டத்தில் உருவாக்கியது வியாபாரத்துக்கு ஆகாது. கட்டணத் திட்டம் வேண்டும். 2024 ஜூனில் மூன்று பெரிய இசை நிறுவனக் குழுக்களின் லேபிள்கள் சுனோ, உடியோ மீது அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தன. அவசரத்துக்கு ஒரு ரீலில் போடலாம். ஸ்டுடியோவின் அடையாளமாக நிற்கும் ஷோரீலை அதன் மேல் கட்ட வேண்டாம்.

பழைய பாட்டு, பழைய கீர்த்தனை

தியாகராஜர் 1847-இல் மறைந்தார். அவர் கீர்த்தனைகள் எல்லோருக்கும் பொது. பாரதியார் வரிகளும் அப்படியே. பாபநாசம் சிவன் 1973-இல் மறைந்தவர். அவர் பாடல்களுக்கு 2033 முடியும்வரை காலம் ஓடுகிறது. கச்சேரிகளில் அடுத்தடுத்து வருவதால் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள். பாரதி வரிக்குப் பின்னாளில் ஒருவர் போட்ட மெட்டுக்கும் தனி உரிமை உண்டு.

கீர்த்தனை பொது என்பதால் அதைப் பாடிய ஆல்பமும் பொது ஆகிவிடாது. 1964 முடிவதற்குள் வெளியான ஒலிப்பதிவுகளின் 60 ஆண்டு 2024 டிசம்பர் 31-உடன் இந்தியாவில் முடிந்தது. அதன் பிறகு வெளியானவை, அதே கணக்கில் 60 ஆண்டு முடியும்வரை உரிமத்துக்கு உட்பட்டவை. அமெரிக்காவில் கணக்கு வேறு. இங்கே காலம் முடிந்த பதிவுக்கு அங்கே இன்னும் பாதுகாப்பு இருக்கலாம். உங்கள் வெப்சைட் அமெரிக்க ஹோஸ்டிங்கில் இருந்தால், வெளிநாட்டுத் தமிழர்களைக் குறிவைத்தால், இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல.

சினிமாப் பாட்டின் புல்லாங்குழல் கவர், பியானோ கவர், கரோக்கி எல்லாம் ஒரே வகை. ஒலிப்பதிவு புதிது, ஆனால் மெட்டு பழைய உரிமையாளருடையது.

இசையமைப்பாளரிடம் சொந்தமாக வாங்குவது

90 செகண்ட் இசை. வீணையும் புல்லாங்குழலும், கொஞ்சம் மிருதங்கம். ஒருமுறை செலவு, பிறகு தொல்லை இல்லை. வேறு எந்த ஸ்டுடியோவிடமும் அது இருக்காது. மூன்று நான்கு வருடம் அதே தீம் வைத்தால் சந்தாவோடு ஒப்பிட்டே கட்டுப்படியாகும்.

கவிழ்வது ஒப்பந்தத்தில். கூலி கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், உரிமை காசு கொடுத்தவருக்கே சேரும் என்று சட்டம் சொல்கிறது. போட்டோகிராபர்கள் இதைத் தங்கள் தொழிலில் அறிந்திருப்பதால் இசைக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். இசைக்கு அந்த விதி இல்லை. ஜிபேயில் காசு அனுப்பிவிட்டு வாட்ஸாப்பில் கோப்பை வாங்கிக்கொண்டால் மெட்டின் உரிமை இசையமைப்பாளரிடமே நிற்கும். அவர் கையெழுத்திட்ட தாளில் இவை இருக்கட்டும்: எந்தெந்த உரிமைகள், எத்தனை ஆண்டு, உலகம் முழுவதும் என்பது, எவ்வளவு தொகை, வாசித்த கலைஞர்களின் சம்மதம். இன்னொரு வரியும் வேண்டும்: ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டாலும் உரிமை காலாவதியாகாது என்று. அந்த வரி இல்லையென்றால் சட்டம் அதைக் காலாவதியானதாகவே கொள்ளும். அவர் சாம்பிள் பேக்குகளை (முன்பே பதிந்து விற்கும் ஒலித்துண்டுகளை) பயன்படுத்தினால் அவற்றின் உரிமம் வியாபாரத்துக்கு உண்டா என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மண்டபத்து ஒலி

எங்கள் கணக்கில் இதுதான் ஷோரீலுக்கு முதல் தேர்வு. வீடியோ டீம் எப்படியும் மண்டபத்தில் இருக்கிறது. நாதஸ்வரம், தவில், ஐயரின் மந்திரம், பெண்களின் ஊஞ்சல் பாட்டு, யாரோ கத்தும் "கெட்டி மேளம்!" எல்லாம் அங்கேயே கிடைக்கின்றன. எந்த நூலகத்திலும் இந்த ஒலி கிடையாது. படத்தோடு ஒட்டவில்லை என்ற பேச்சுக்கும் இடமில்லை.

கேமராவின் சொந்த மைக்கை நம்பக் கூடாது. கெட்டி மேளத்தில் லெவல் ஒரேயடியாக எகிறி ஒலி கிழிந்துவிடும், கிழிந்ததை எடிட்டில் தைக்க முடியாது. தனி ரெக்கார்டரை ஸ்டாண்டில், வித்வான்களிலிருந்து 3 முதல் 4 மீட்டரில் வையுங்கள். தவிலில் குச்சியால் அடிக்கும் தொப்பிப் பக்கம் நேராக மைக்கைப் பார்க்கக் கூடாது. நாதஸ்வரத்தின் அகன்ற வாயான அணசுக்கு நேர் எதிரிலும் வேண்டாம், சற்று விலக்கி நாதஸ்வரக்காரர் பக்கமாக வையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஆலாபனை வாசிக்கும்போது உச்சம் மைனஸ் 18 டெசிபல் அளவில் நின்றால் கெட்டி மேளத்துக்கு இடம் மிஞ்சும். இரட்டைப் பதிவு வசதி இருந்தால் இரண்டாவதை 12 டெசிபல் குறைத்துப் போடுங்கள். மாப்பிள்ளையின் அங்கவஸ்திரத்தில் ஒரு சிறு காலர் மைக். மந்திரமும் பெற்றோர் பேச்சும் அதில்தான் தெளிவாக விழும். சடங்கு தொடங்குமுன் மண்டபத்தின் வெறும் இரைச்சலை ஒரு நிமிடம் பதிந்து வைத்தால் வெட்டுகளை மறைக்க உதவும்.

என்ன வாசிக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். ராக ஆலாபனை அந்த வித்வானின் சொந்தக் கற்பனை, வேறு யாருக்கும் அதில் பங்கில்லை. தியாகராஜர் கீர்த்தனையும் சரி. ஆனால் மாலை மாற்றும்போதோ நலங்கிலோ உற்சாகமாக ஒரு சினிமாப் பாட்டுக்குத் தாவுவார்கள். மண்டபத்தில் அது ஆனந்தம், உங்கள் ஷோரீலில் அது லேபிளின் மெட்டு. மண்டப ஸ்பீக்கரில் பின்னால் சினிமாப் பாட்டு ஓடினாலும் பதிவு கெட்டதுதான். முகூர்த்த நேரத்துக்கு அதை நிறுத்தச் சொல்லி முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வாசித்தவருக்குக் கலைஞர் உரிமை உண்டு. எனவே நாதஸ்வரம், தவில் இருவரிடமும் ஒரு தாளில் கையெழுத்து: "இந்தத் திருமணத்தில் நான் வாசித்ததைப் பதிவு செய்து, தன் வெப்சைட்டிலும் சமூக வலைத்தளங்களிலும் விளம்பர வீடியோவாக ஸ்டுடியோ பயன்படுத்தச் சம்மதிக்கிறேன். வீடியோவின் கீழ் என் பெயர் இடம்பெற வேண்டும்." அதே தாளில் என்ன ராகம், என்ன உருப்படி என்று அவரையே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வாசித்து முடித்துக் காபி குடிக்கும் நேரத்தில் கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள், மறுநாள் போனில் கேட்டால் நினைவிருக்காது. ஒரு சிறு தொகையும் சேர்த்துக் கொடுப்பது முறை.

எடிட்டில் 60 முதல் 90 செகண்ட் போதும். ஆலாபனையில் தொடங்கி, நடுவில் நூலகத்திலிருந்து எடுத்த மெல்லிய தம்புரா போன்ற அடித்தள இசையைத் தாழ்வாக ஓட்டி, மேலே மண்டபத்துப் பேச்சும் சிரிப்பும் வர, தாலி கட்டும் இடத்தில் கெட்டி மேளத்தை முழுதாக விடலாம். வெளியீட்டில் சராசரி ஒலி அளவு மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதில் படும் சத்தத்தை அளக்கும் அலகு) சுற்றி இருக்கட்டும். யூடியூப் அதற்குமேல் இருப்பதைத் தானே இறக்கிவிடும்.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. ப்ரீ-வெட்டிங் அவுட்டோர் ஷூட்டில் பதிவு செய்ய அலைச்சத்தம் தவிர ஒன்றும் கிடைக்காது. பேபி ஷூட்டுக்கும் இது பொருந்தாது. அங்கே சந்தா இசைதான்.

ஏற்கெனவே ஏற்றியிருப்பவை

எல்லாவற்றையும் ஒரே நாளில் அழிக்கத் தேவையில்லை, வரிசை முக்கியம். முதலில் காசு கொடுத்து விளம்பரமாக ஓடுபவை, பிறகு வெப்சைட் முகப்பிலும் "எங்கள் வேலைகள்" பக்கத்திலும் இருப்பவை, அடுத்து சமூக வலைத்தளங்கள். எடிட் கோப்பு கைவசம் இருந்தால் முழுவதையும் மறுபடி வெட்ட வேண்டியதில்லை: பழைய பாட்டின் நிமிடத்துக்கான தாளக் கணக்கைப் பார்த்து, நூலகத்தில் அதே பிபிஎம் வடிகட்டியில் தேடுங்கள். 96-க்கு வெட்டியதற்கு 96-இல் ஓர் இசை கிடைத்தால் பெரும்பாலான வெட்டுகள் அப்படியே உட்காரும்.

வாடிக்கையாளர் தங்களுக்குப் பிடித்த சினிமாப் பாட்டுதான் வேண்டும் என்பார்கள். சொந்த உபயோக விலக்கு அவர்கள் வீட்டுக்குத்தான். கூலிக்குச் செய்து கொடுக்கும் ஸ்டுடியோ அதற்குள் ஒளிந்துகொள்ள முடியாது. முன்பதிவுப் படிவத்திலேயே இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்: வீடியோவில் ஸ்டுடியோ உரிமம் பெற்ற இசை மட்டுமே சேர்க்கப்படும் என்று ஒன்று, வாடிக்கையாளர் தாமாக வேறு பாட்டைச் சேர்த்து வெளியிட்டால் அது அவர் பொறுப்பு என்று இன்னொன்று. பாட்டு இல்லாமல் மண்டப ஒலியோடு மட்டும் ஒரு பிரதியைத் தனியாகக் கொடுத்துவிட்டால், டிவியில் போட்டுப் பார்க்கும்போது எந்தப் பாட்டை ஓட்டுவது என்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.